சூளை வீட்டுச் சீர்

கல்விச் சீர் என்றால் சும்மாவா? தாய்மாமன் கல்யாண வீட்டுக்குத் தட்டு வரிசையோடு போவதுபோல ஊரே திரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவது. முன்னால் மேளம், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள். தேங்காய், பழம், பூ என்று ஆரம்பித்து மின்விசிறி, சுவர்க் கடிகாரம், பாய், குடம், வாளி, கேரம் போர்டு வரை வந்து சேரும். திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கிடக்கிற அந்தச் சின்ன ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு இந்த வருஷம்தான் முதல் சீர் போனது. போனது என்ன, போக வைத்தவள் ஜெசிந்தா.

ஜெசிந்தா பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. மகள் ஜாய்ஸ் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. காலனிக்காரி தலைவியா என்று ஊர்ப்பக்கம் முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். சீர் என்று பேச்சு வந்ததும் ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காமல் வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லோரையும் ஒரே மேளத்துக்குப் பின்னால் நடக்க வைத்தாள். அந்தச் சாலையில் இரண்டு தெருவும் ஒன்றாக நடந்தது அன்றைக்குத்தான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பழைய வார்டு மெம்பர் வரதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாசலில் வருகிற ஒவ்வொரு தட்டுக்கும் பேர் சொன்னார். வரதன் கையில் மைக் கிடைத்தால் அதைத் திரும்ப வாங்க போலீஸ்தான் வர வேண்டும். பேர் சொன்னதும் தலைமை ஆசிரியை ஸ்ரீதேவி சந்தனம் கொடுப்பார், ஜெசிந்தா தட்டை வாங்குவாள், பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தக் கூட்டத்தின் கடைசியில்தான் பசந்தி வந்தாள்.

பசந்தி செங்கல் சூளைக்காரி. ஒடிசாவிலிருந்து வந்தவள். ஊரில் யாருக்கும் ஒடிசா எந்தத் திசை என்று தெரியாது, சூளையில் இருக்கிறவர்கள் எல்லோரும் இந்திக்காரங்கதான். மழைக்காலம் வந்தால் மற்றக் குடும்பங்கள் ஊருக்கு ரயில் ஏறிவிடும். பசந்தியின் குடும்பம் மட்டும் சூளைக்குக் காவலாக வருஷம் பூராவும் இங்கேயே தங்கிவிட்டது. அவள் புருஷன் பேர் துரியோதன். பங்குனியில் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைச் செய்து படுக்க வைத்துத் தொடையைப் பிளக்கிற ஊர் இது. இந்த ஊருக்கு வந்து ஒரு மனுஷன் தன் பேர் துரியோதன் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். அவனும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தான்.

அவர்கள் மகள் லிலிமா பகலெல்லாம் சூளையில் சுடாத பச்சைக் கல்லைக் காயத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள். ஈரக் கல் மேல் பெரியவர்கள் கால் பட்டால் உடைந்துபோகும், அதனால் எடை குறைந்த பிள்ளைகளைத்தான் அந்த வேலைக்கு விடுவார்கள். ஜெசிந்தாதான் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஜாய்ஸ் பக்கத்தில் உட்கார வைத்தாள். இந்திக்காரப் பிள்ளையோடு எங்கள் பிள்ளையா என்று கேட்டவர்களிடம் அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. முதல் வருஷம் வாயே திறக்காத லிலிமா, இப்போது ஜாய்ஸோடு சண்டைக்கு நின்றால் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு தோற்றுப்போகும். தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று வாசிப்பாள். அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு.

அப்படிப்பட்ட லிலிமாவின் அம்மா அன்றைக்கு ஒரு தட்டோடு வாசலில் நின்றாள். அலுமினியத் தட்டு. அதில் இரண்டு தேங்காய், கொஞ்சம் வாழைப்பழம், மேலே புதுத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. ஜெசிந்தாவுக்கு மனசு உருகிப் போனது. கூலிக்கு மண்ணை மிதிக்கிறவள், இவளிடம் போய் வாங்குவதா?

"அய்யோ, நீ எதுக்கு பசந்தி இதெல்லாம்? உங்கிட்ட போயி வாங்குவனா? எடுத்துக்கினு போ, புள்ளைங்களுக்குக் குடு. போ, உள்ள போயி சாப்புடு" என்று சொல்லி, தட்டை மெதுவாக அவள் பக்கமே தள்ளி, கையில் ஒரு லட்டையும் வைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள், ஜெசிந்தாவுக்கு எவ்வளவு இளகின மனசு பார் என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பசந்தி சாப்பிட்டாளா என்று யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை லிலிமா பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றாள் ஜெசிந்தா. செவ்வாயும் வரவில்லை. அன்று சாயங்காலம் ஜாய்ஸ் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"மம்மி, லிலிமா இனிமே வராதாம். கல்லு திருப்புதாம். நான் வேலியாண்ட நின்னு கூப்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

ஜெசிந்தாவுக்குப் பகீரென்றது. ஒரு தடவை சூளைக்குத் திரும்பிவிட்ட பிள்ளை மறுபடி புத்தகப் பையைத் தூக்காது. ஒன்றா இரண்டா, எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் வேலை முடிந்ததும் மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகாமல் சூளை நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. வரிசை வரிசையாகப் பச்சைக் கல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் லிலிமா, பள்ளிக்கூடப் பாவாடையோடு, நுனிக்காலில் நடந்து ஒவ்வொரு கல்லாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் மலர்ந்தது. அப்புறம் குனிந்துகொண்டாள்.

"இன்னாடி, ஸ்கூலு வேணாமா?"

"அம்மா வேணான்னுச்சு."

பசந்தி குடிசைக்குள்ளிருந்து வந்தாள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் வாசல்படியைத் தாண்டி உள்ளே வா என்று சொல்லவில்லை.

ஜெசிந்தா விடவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சுதானே. "ஏன் பசந்தி? இன்னா கொற வச்சோம்? காலைல நாஸ்தா, மத்தியானம் சாப்பாடு, புக்கு, யூனிபார்மு, செருப்பு, எல்லாம் ஃப்ரீயா கெடைக்குது. இன்னும் இன்னா வேணும் சொல்லு, நான் வாங்கித் தரேன். பஸ் பாஸு வேணுமா? பென்சில் பாக்ஸு வேணுமா?"

லிலிமா அதை ஒடியாவில் அம்மாவுக்குச் சொன்னாள். பசந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், நீளமாக ஏதோ சொன்னாள். லிலிமா கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறினாள்.

"சொல்லுடி, பரவால்ல."

"எல்லாத்தயும் நீங்களே குடுக்கறீங்களாம் ஆன்ட்டி. நாங்க குடுத்தா மட்டும் வாங்க மாட்டீங்களாம். ஊர்ல எல்லார் பேரும் மைக்குல வந்துச்சாம், எங்க நைனா பேரு வர்லயாம். எங்க ஊர்ல, குடுத்தத வாங்கலன்னா உறவு வேணாம்னு அர்த்தமாம். உறவு வேணாங்கற எடத்துல பொண்ண எப்டி வுடறதுன்னு கேக்குது."

ஜெசிந்தாவின் பார்வை குடிசைக்குள் போனது. அந்த இரண்டு தேங்காயும் மூலையில் அப்படியே இருந்தன, மேலே மடித்த துண்டோடு. யாரும் தொடவில்லை. திரும்பி வந்த பொருளை எப்படித் தின்பது?

உங்கிட்ட போயி வாங்குவனா? போ, உள்ள போயி சாப்புடு.

அட கர்த்தரே. இது அவள் வார்த்தையே இல்லை. இதை அவள் எங்கே கேட்டாள் என்று அந்த வாளி மேல் உட்கார்ந்தபடியே ஞாபகம் வந்துவிட்டது.

ஜெசிந்தா ஜாய்ஸைவிடச் சின்னவளாக இருந்தபோது, அவள் அப்பா செல்வராஜ் வேலை செய்த நிலக்காரர் வீட்டில் கல்யாணம். பந்தக்கால் நட்டதிலிருந்து விறகு பிளந்ததுவரை அப்பாதான். கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டை போட்டு, மொய் வைக்கப் பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மகளையும் கூட்டிப்போனார். நிலக்காரர் தோளைத் தட்டிச் சிரித்தார். "டேய் செல்வராஜு, உங்கிட்ட போயி மொய் வாங்குவனா? போடா, பின்பக்கம் போயி சாப்புடு." எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பா சாப்பிடாமல் திரும்பி நடந்தார். பாயசம் போச்சே என்று வழி பூராவும் அவர் கையை இழுத்து அழுதாள் ஜெசிந்தா. அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

அதே வார்த்தை. அதே சிரிப்பு. தோளைத் தட்டுவதற்குப் பதிலாக ஒரு லட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெசிந்தாவுக்கு அவமானத்தில் காது சூடேறியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மன்னிச்சிடு என்று சொன்னால் போதுமா? அந்த வார்த்தையும் தான் கொடுக்கிற இன்னொரு பொருளாகிவிடும் என்று தோன்றியது. சரி, கொடுக்காமல் கேட்டுவிட வேண்டியதுதான்.

குரலைச் சரிசெய்துகொண்டு, கடன் வசூலிக்க வந்தவள் மாதிரி இடுப்பில் கையை வைத்தாள்.

"லிலிமா, உங்கம்மாகிட்ட சொல்லு. ஸ்கூல்ல படிக்கிற எல்லாப் புள்ளைங்க வூட்டு சீரும் வந்துச்சு. உங்க வூட்டு சீரு மட்டும் இன்னும் வர்ல. பாக்கி கீது. எப்ப கொண்டாறீங்க?"

லிலிமா வாயைப் பிளந்தாள். "இன்னா ஆன்ட்டி, நீங்கதான அன்னிக்கு..."

"நான் சொன்னது தப்பு. அத்தயும் சேத்து சொல்லு. சீரு இல்லாம வுட மாட்டேன்னு சொல்லு."

லிலிமா சொன்னாள். பசந்தி ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள், இது இன்னொரு தினுசு இரக்கமா என்று அளப்பதுபோல. ஜெசிந்தாவும் பார்வையை எடுக்கவில்லை. கல் அடுக்கிக்கொண்டிருந்த துரியோதன் அங்கிருந்தே உரக்க ஏதோ சொல்லிச் சிரித்தான். பசந்தி அவனைக் கண்ணால் ஒரு வெட்டு வெட்டினாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வெள்ளிக்கெழமையாம்" என்றாள் லிலிமா.

வரதனிடம் போய்ச் சொன்னபோது அவர் ஏகத்துக்கும் குதித்தார். "ஏம்மா ஜெசிந்தா, உனக்கு இன்னா பைத்தியமா? ஒரு தட்டுக்கு எவனாவது மைக்கு கட்டுவானா?"

"ஒன்னே ஒன்னு சொல்லு அண்ணாத்த. மைக்குல பேச உனக்கு கசக்குதா?"

கசக்குமா? வரதன் மைக்செட்காரனுக்குப் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தபோது, தூரத்தில் சத்தம் கேட்டது. மேளக்காரர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சூளைக்காரர்களே தங்கள் ஊர் மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்துவந்தார்கள். முன்னால் பசந்தி, தலையில் முக்காடு, கையில் அதே அலுமினியத் தட்டு, புதுத் தேங்காய். பின்னால் துரியோதன், தலை மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. சூளைக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து திருக்கழுக்குன்றத்தில் வாங்கியதாம். அதற்குப் பின்னால் அத்தனை பேரும், அரை நாள் கூலியை விட்டுவிட்டு.

வரதன் மைக்கை வாயருகே கொண்டுபோய் ஒரு நிமிஷம் திணறினார். பேரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்குமோ என்று ஜெசிந்தாவுக்குப் பயம். அவள் வரதனை முறைத்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நம்ம ஊர் செங்கல் சூளை குடும்பங்கள் சார்பாக, லிலிமாவின் பெற்றோர், திரு. துரியோதன், திருமதி பசந்தி அவர்கள் கொண்டுவரும் கல்விச் சீர்!"

ஒரு பொடியன் களுக்கென்று சிரிக்கப் பார்த்தான். வரிசையில் நின்ற ஜாய்ஸ் அவன் காலை மிதித்தாள். பிறகு கைதட்டல் எழுந்தது. ஸ்ரீதேவி டீச்சர் சந்தனம் கொடுத்தார். ஜெசிந்தா இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். பசந்தி உடனே விடவில்லை, ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டுத்தான் விட்டாள். ஜெசிந்தாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அப்பா, அந்த மடித்த நோட்டை இப்படி யாராவது வாங்கியிருக்கக் கூடாதா?

லிலிமா அன்றே வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் சாயங்காலம் ஜாய்ஸ் பையை வீசி எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"மம்மி, இந்த லிலிமா ரொம்ப பண்றா. டீச்சர் இல்லாதப்ப அந்த செவப்பு சேர்ல யாரயும் உக்கார வுட மாட்டன்றா. எங்க வூட்டு சீரு, ஒடச்சிடப் போறீங்கன்னு காவலு காத்துகினு கீறா. டீச்சர் வந்தா அவளே துணியால தொடச்சிட்டு, உக்காருங்க டீச்சர்ன்றா. ஸ்கூலே அவளுதுன்னு நெனப்பு."

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நெனைக்கட்டும்டி" என்றாள். "அவளுதுதான்."