கைகள் மட்டும்

லோஷினியின் கையிலிருந்த துடைப்பத்தை அத்தை கஸ்தூரி வெடுக்கென்று பிடுங்கினாள்.

“பொணத்த வீட்ல வச்சிக்கிட்டு யாராச்சும் கூட்டுவாங்களா? படிச்ச புள்ளதானே நீ?”

“கால் வைக்கிற எடமெல்லாம் மண்ணா கெடக்கு அத்தே.”

“கெடக்கட்டும். அவள தூக்குனதுக்கு அப்புறம் கழுவி விட்டுக்கலாம். அது வரைக்கும் ஒரு தூசியக்கூட தொடக்கூடாது, ஆமா.”

கூடத்தின் நடுவே பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். வெள்ளைத் தரையில் உதிர்ந்த பூ, சிந்திய காப்பி, வந்து போனவர்களின் பாதத் தடங்கள். அம்மா எழுந்தால் முதலில் துணியைத்தான் தேடுவாள் என்று லோஷினிக்குத் தோன்றியது. உடனே எரிச்சலும் வந்தது. செத்த பிறகும் அவளைத் துடைக்க வைக்கத்தான் தோன்றுகிறது.

தம்போயில் அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரிதான். இந்த வீட்டை மட்டும் நாலு லட்சம் பேருக்குத் தெரியும். வெள்ளைத் திரை, வெள்ளைச் சோபா, சுவரில் லோஷினியின் பட்டமளிப்புப் படம் எல்லாம் கேமரா பார்க்கும் பக்கம். கேமராவின் முதுகுப் பக்கம் அட்டைப்பெட்டிகள், சோப்புத் தண்ணிக் கலன்கள், உடைந்த மின்விசிறிகள் என்று கூரை வரைக்கும் குவிந்து கிடந்தன. உலகம் பார்க்காத அந்தப் பாதியில்தான் அம்மா, அப்பா, லோஷினி மூன்று பேரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், சண்டை போட்டார்கள்.

அம்மா வெள்ளையம்மா கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியும் முன்னே பஸ் ஏறிப் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கழிவறைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெருந்தொற்று வந்து பாலத்தை மூடினார்கள், வேலையும் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பிவந்து வீட்டில் அடைந்து கிடந்த லோஷினி, பொழுது போகாமல், அம்மா அடுப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கிளப்புவதைப் படம் பிடித்தாள். “வணக்கம் மக்களே! அழுக்கு தானா எங்கேயும் போவாது. நாமதான் தொரத்தணும்” என்று அம்மா சும்மா சொல்லி வைத்தாள். மறுநாள் காலையில் கைப்பேசி சூடாகிக் கிடந்தது. அத்தனை பேர் பார்த்திருந்தார்கள்.

“கக்கூஸ் கழுவறத ஊருக்கே காட்டப் போறாளா?” என்று அப்பா வழிச் சொந்தம் குதித்தது. அதனால் அப்பா ஜெயபாலன் ஒரு சட்டம் போட்டார். முகம் வரக்கூடாது. கையும் குரலும் மட்டும். பிறகு விளம்பரம் வந்தது, புதுக் கார் வந்தது, சொந்தம் வாயைப் பொத்திக்கொண்டது. சட்டம் மட்டும் அப்படியே நின்றது. செனாய் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அப்பா மேனேஜர் ஆனார். மேனேஜருக்கு இரண்டு வேலை. ஒன்று, விளம்பரத்துக்குப் பொருள் அனுப்புகிறவர்களிடம் பேசுவது. இன்னொன்று, குளியலறையில் அம்மா குந்தி உட்கார்ந்து கறை வெளுக்கும் மருந்தை ஊற்றும்போது கதவைச் சாத்திவிட்டு, “ஃபேன நிப்பாட்டு லா, சத்தம் வருது” என்பது.

அந்தக் காணொளிகளிலிருந்து அம்மாவின் இருமலை வெட்டி எடுப்பது லோஷினியின் வேலை. வேதியியல் படித்தவள். அந்தப் புகை நெஞ்சில் என்ன செய்யும் என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அப்பாவிடம் கத்திப் பார்த்துவிட்டாள். “ஊருல எல்லாரும் அதத்தான் ஊத்துறாங்க” என்றார் அவர். அம்மாவோ, “சும்மா இருடி. முன்னாடி மத்தவங்க கக்கூஸ கழுவுனேன். இப்ப என் கக்கூஸ கழுவறேன். கசக்குதா?” என்று சிரித்தாள்.

போன தீபாவளிக்குப் பிறகு அம்மாவால் மூச்சு விட முடியவில்லை. மூக்கில் குழாயோடு பின்னறையில் படுத்தாள். காணொளி மட்டும் நிற்கவில்லை.

“ஒன் கையும் அவ கையும் ஒரே அச்சு. கொரலும் அப்படியே. யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் அப்பா.

யாருக்கும் தெரியவில்லை.

பினாங்கில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. அம்மாவைக் காட்டி ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்பு அப்பா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். இடுப்பில் வேட்டி, தோளில் ஈரத்துண்டு.

“பேஜ்ல எதுவும் போட்டியா?”

“இல்ல.”

“போடாத. வருசக் கடைசி வரைக்கும் கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கு. தரை கழுவுற சோப்பு வீடியோ இன்னும் குடுக்கல.”

“அம்மா செத்துட்டாங்கப்பா.”

“எனக்குத் தெரியாதா? என் பொண்டாட்டி லா அவ.” அவர் கண்கள் நிஜமாகவே நிறைந்தன. நடித்திருந்தால் காறித் துப்பியிருக்கலாம். அவர் நடிக்கவில்லை. அதுதான் பெரிய தொல்லை. “நாங்க போனதும் எப்படியும் வீட்டக் கழுவத்தான் போறீங்க. கைப்பேசிய ஸ்டாண்டுல மாட்டி வச்சிருக்கேன். தரை, கை, அவ்வளவுதான். ரெண்டு வார்த்த பேசு. வேற ஒண்ணும் கேக்கல.”

“திங்கக்கெழம நான் பினாங்கு போறேன்.”

“மொதல்ல பதினாறு முடியட்டும்மா.”

பதினாறு முடிந்தால் முப்பது. முப்பது முடிந்தால் தலைத் திவசம். நடுவில் தீபாவளி விளம்பரம். சாவுக்குக்கூட இந்த வீட்டில் வேலை அட்டவணை இருந்தது.

வாசலில் வேன் உறுமியது. பெட்டி தெரு முனை திரும்பும் வரை பெண்கள் அழுதார்கள். “பொம்பளைங்க அதுக்கு மேல போவக்கூடாது” என்று அத்தை அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் கலைந்தார்கள். இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள்.

“நான் பின்னாடி இருந்து கழுவிக்கிட்டு வர்றேன். நீ கூடத்தப் பாரு” என்றாள் அத்தை.

ஸ்டாண்டில் அம்மாவின் கைப்பேசி தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்தப் போன லோஷினியின் விரல் நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த நேரலைப் பொத்தானை அழுத்தியது.

வாளியைச் சாய்த்தாள். மண்டியிட்டுத் தேய்த்தாள். வாய் தானாகத் திறந்து, “வணக்கம் மக்களே” என்றது. அம்மாவின் குரல்.

திரையில் எழுத்துகள் ஏறின.

‘அக்கா வந்துட்டாங்க!’

‘நேரலையா? அதிசயமா இருக்கு!’

‘சாப்டீங்களா கா?’

“அம்மா செத்துட்டாங்க,” என்றாள் லோஷினி. “நேத்து சாயங்காலம். இப்பதான் தூக்கிட்டுப் போனாங்க.”

‘அடடா. ஆழ்ந்த இரங்கல் அக்கா.’

‘உங்க அம்மாவுக்கு என்ன வயசு கா?’

‘பெத்த தாய் போன அன்னைக்கும் வேல பாக்கிறீங்களே. நீங்கதான் கா பொம்பள!’

லோஷினியின் கை நின்றது.

“எங்க பாட்டி இல்ல. வெள்ளையம்மா. வெள்ளையம்மாதான் செத்துட்டாங்க.”

‘அலமாக், என்னக்கா இது?’

‘வெள்ளையம்மா நீங்கதானே?’

‘பாவம், துக்கத்துல ஏதோ பேசுறாங்க. பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா? தண்ணி குடுங்க.’

“நான் வெள்ளையம்மா இல்ல!”

‘ஒங்க கைய எங்களுக்குத் தெரியாதா கா?’

அவள் தன் கைகளைப் பார்த்தாள். விரல் நுனிகளில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. நகக்கண்கள் வெடித்திருந்தன. கட்டைவிரல் பக்கமாகச் சற்று வளைந்த ஆள்காட்டி விரல். சற்று முன் பெட்டிக்குள் ஒன்றோடொன்று கட்டிவைத்திருந்ததும் இதே கைகளைத்தான். அந்தக் கணம் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது.

ஈரக் கையாலேயே கைப்பேசியைப் பிடுங்கித் திருப்பினாள். வீங்கிய கண்களோடு ஒரு முகம் திரையை அடைத்தது.

‘யாரு இது?’

‘அக்கா எங்க?’

“நான் அவங்க மக. பேரு லோஷினி. தீபாவளிக்கு அப்புறம் நீங்க பாத்ததெல்லாம் என் கை, என் கொரலு. அவங்க பின்னாடி ரூம்ல மூச்சு விட முடியாம கெடந்தாங்க. அம்மா வேல செய்யிறப்ப இந்த வீட்ல ஃபேன் போட்டதே இல்ல. ஒங்களுக்குச் சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு.” கைப்பேசியை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். “அவங்க இப்பிடித்தான் இருப்பாங்க. கொஞ்சம் கறுப்பு. சிரிச்சா பல்லு எடுப்பா தெரியும். அவ்வளவுதான்.”

அணைத்தாள்.

அத்தை கஸ்தூரி சமையலறை வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ. வாளியைக் கீழே வைத்தாள்.

“அந்த மூலையில இன்னும் அழுக்கு இருக்கு” என்றாள்.

கூடம் காய்ந்து முடியும் நேரத்தில் வெளியே வேன் வந்து நின்றது. அத்தை அவள் கையில் ஒரு வாளியைத் திணித்தாள்.

“போ. கால் கழுவாம உள்ள விடக்கூடாது.”

மற்றவர்கள் வேன் அருகிலேயே தயங்கி நின்றார்கள். அப்பா மட்டும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். வெற்று மார்பில் வியர்வை, திருநீறு. கையிலிருந்த கைப்பேசி விடாமல் அதிர்ந்தது.

“என்னா செஞ்சி வச்சிருக்க நீ?” கேட்ட குரலில் கோபத்துக்குப் போதுமான மூச்சு இல்லை.

“காலக் காட்டுங்கப்பா.”

கைப்பேசி அடங்கி, மறுபடி அதிர்ந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு வாளியைத் தாண்டி அவள் பக்கம் நீட்டினார்.

“கம்பெனிக்காரன். நீயே பேசு. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல.”

லோஷினி அதை வாங்கவில்லை. ஒரு கையால் அடியைத் தாங்கி வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் அவர் பாதத்தில் விழுந்து, சுடுகாட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. அவர் நீட்டிய கையை மடக்காமலேயே மறு காலையும் எடுத்து முன்னால் வைத்தார். மண் எல்லாம் போய்விட்டது. வாளி காலியாகும் வரை அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.