மூடிக் கிடந்த தெரு

"நீங்க மேப் ஆபீஸ்லதானே இருக்கீங்க மாப்பிள்ளை? எங்க தெருவுக்கு என்ன கேடு? ஒரு டாக்ஸிக்காரனும் உள்ள வரமாட்டேங்கிறான். ரோடு மூடியிருக்குன்னு போன் காட்டுதாம். நான் வாசல்ல நின்னு கையை ஆட்டுறேன், அவன் போனைத்தான் நம்புறான்."

மாமியார் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டு ஆபரேஷன் ஆன கால். காலுக்கான பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்திருக்கிறார்.

மூடியவன் நான்.

மனைவி இறந்த பிறகு, ஆபீஸ் போகும் வழியில் போனில் ஒலிக்கும் குரல் இந்தத் தெருவுக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. இதுதான் குறுக்குவழி. அவள் வளர்ந்த வீட்டை என்னால் தாண்ட முடியவில்லை. குரலை அணைத்திருக்கலாம். ஆனால் இணைய வரைபடத்தில் தெருக்களைத் திருத்துவது என் வேலை. 'சாலைப் பணி, போக்குவரத்து இல்லை' என்று குறித்தேன். கோடு சாம்பல் நிறமானது. மறுநாள் குரல் நேராகப் போகச் சொன்னது. உள்ளே இருப்பவர்களை நினைக்கவில்லை.

"இப்பவே சரி பண்ணிடலாம் அத்தை."

போனிலேயே திருத்தினேன். ஆனால் ஒருவரின் திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே தெரியும். உடன் வேலை செய்யும் நண்பனைக் கூப்பிட்டேன். எல்லாரிடமும் பிழை கண்டுபிடிப்பதால் அவனுக்கு வாத்தியார் என்று பெயர்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. மூடின புண்ணியவானை நானும் ரெண்டு கேள்வி கேக்கணும்" என்றார் அத்தை.

ஸ்பீக்கரில் போட்டேன்.

"லீவு நாள்லயும் தெருத்தெருவா அலையிறியாடா?" வாத்தியார் சிரித்தான். "இரு, பாக்குறேன்... டேய், இதை மூடினதே நீதானேடா! ரோடு வேலைன்னு போட்டிருக்க. உன்னை நம்பி நானும் ஓகே பண்ணித் தொலைச்சேன்."

போனை வைத்தேன்.

அத்தை நீட்டியிருந்த காலை மெல்லத் தரையில் இறக்கினார்.

"எங்க வாசலைப் பாக்க முடியலைன்னா முகத்தைத் திருப்பிட்டுப் போயிருக்கலாமே மாப்பிள்ளை. தெருவையேவா மூடுவீங்க?"

"அத்தை..."

"பெத்தவ நானு. எனக்குப் போக வர வேற வாசல் இருக்கா?"

வாத்தியார் திருத்தத்தை ஒப்புக்கொண்டதாகப் போன் அதிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, அத்தை பயிற்சிக்குப் போக டாக்ஸி கூப்பிட்டேன். வண்டி வாசலுக்கே வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "அட, உள்ளயே வந்துட்டானே!"

"மாப்பிள்ளை சரி பண்ணிக் குடுத்தாரு" என்றார் அத்தை.

ஓடிவந்தவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பெரிய உதவி தம்பி. அப்படியே மூடின மடையன் யாருன்னு கண்டுபிடிச்சு வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்க."

அத்தை வண்டிக்குள் உட்கார்ந்து, வலிக்கும் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார்.

"விடுங்க. அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார், என்னைப் பார்க்காமல்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என் கையை விடவில்லை.