நிவியைத் தேடிப் போன கப்பல்

ரெங்கசாமி ஒரு துணிக்குரங்கு. அவர் காதுபட அப்படிச் சொல்லிவிடாதீர்கள். கேப்டன் என்று கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பார். பஃபலோ ரோடு அடுக்குமாடி வீட்டில், ஆறு வயது நிவேதிதா தன் கட்டிலைக் கப்பலாக்கிக் கொடுத்த பதவி அது. ரப்பர் யானை லட்சுமிதான் மாலுமி. பெரியவர்கள் கண் மறைந்ததும் எழுந்து நடமாடுகிற பொம்மைகள் இரண்டும். நிவிக்கு மட்டும் அது தெரியும்.

நிவி காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. பிறகொரு காலையில் அப்பாவும் அம்மாவும் சிவப்புத் துணி கட்டிய மண்பானையோடு வெளியே போய், வெறுங்கையோடு வந்தார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து கதறினாள்.

"புள்ளையத் தனியா சாங்கி கடல்ல விட்டுட்டு வந்துட்டோமேங்க!"

கேப்டனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சாவு என்றால் என்னவென்று பொம்மைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெற்றவர்களே பிள்ளையைக் கடலில் விட்டுவிட்டு வருவதாவது!

"அவளுக்கு நீந்தத் தெரியாது லா," என்றது லட்சுமி.

"அதான் நாம போறோம். கூட்டிட்டு வர்றோம்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூ வாங்கிக்கொண்டு சாங்கிக்குக் கிளம்பினாள். பைக்குள், பூவுக்கு அடியில் இரண்டும் ஒளிந்துகொண்டன. கரையில் அவள் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம் பார்த்து நழுவி, யாரோ போட்டுவிட்டுப் போன ஐஸ்கிரீம் டப்பாவில் ஏறி, சாத்தே இறைச்சி கோத்துச் சுட்ட குச்சியால் துடுப்புப் போட்டன. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. கேப்டனின் பஞ்சு உடம்பு தண்ணீர் குடித்துக் கனத்தது. அவர் விடுவாரா? தலைக்கு மேல் பறந்த விமானத்தின் சத்தத்தையும் மீறி, "நிவி! நிவி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அப்போது ஒரு படகு வந்தது. அதிலிருந்தவர் மடியில் அதேபோன்ற சிவப்புத் துணிப் பானை. அழுகையில் அவர் பொம்மைகளைக் கவனிக்கவில்லை. துணியை அவிழ்த்து, "போய்ட்டு வாங்கம்மா" என்று சொல்லிப் பானையைக் கவிழ்த்தார். அதிலிருந்து அம்மா யாரும் இறங்கவில்லை. சாம்பல்தான் விழுந்தது. கொஞ்சம் மிதந்தது, கரைந்து போயிற்று.

டப்பாவின் விளிம்பு எட்டாத லட்சுமி கீழிருந்து கேட்டது: "கேப்டன், நிவி தெரியுறாளா?"

வீட்டிலிருந்து போன பானையில் என்ன இருந்ததென்று இப்போது கேப்டனுக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். இந்தக் குட்டியிடம் எந்த வாயால் சொல்வது?

"இங்கதான் இருக்கா," என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

லட்சுமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நிவி! பயப்படாத, நாங்க வந்துட்டோம்! ஏறிக்கோ, வீட்டுக்குப் போலாம்!" என்று கூவியது.

பிறகு நிவி உட்கார இடம் வேண்டுமே என்று, அந்தச் சின்ன டப்பாவின் ஓரத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தது.