தொட்டி அடியில சட்டை

என் மாமியாருக்கு ஓர் அறை வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு. ஒன்றில் நானும் மனைவியும் படுக்கிறோம். இன்னொன்றில் இறால்கள் வசிக்கின்றன.

சாப்பிடுகிற இறால் இல்லை. முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால், அழகுக்கு வளர்ப்பது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். ஆண், பெண் என்று பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டுமே ஆணாகவும் இருக்கும், பெண்ணாகவும் இருக்கும், இரண்டுமே முட்டை சுமக்கும். முட்டை பொரிவதில் ஒரு வித்தையும் இல்லை. பொரிந்த குஞ்சைக் கரை சேர்ப்பதற்குள்தான் நாக்குத் தள்ளிவிடும். அது ராப்பகல் மிதந்துகொண்டே இருக்கும். மூலையில் முட்டிக்கொண்டு சாகும் என்பதால் மூலையே இல்லாத வட்டத் தொட்டி வேண்டும். பசித்தால் கூடப்பிறந்ததையே தின்னும். அதற்குத் தீனி உயிருள்ள பூச்சி, அந்தப் பூச்சியைப் பொரிக்கத் தனியாக ஒரு பாட்டில். நாலு ஈடு பொரித்தேன். நாலும் போயே போச்சு. இப்போது மிதப்பது ஐந்தாவது.

மாமியார் மூத்த மகன் வீட்டில் கொஞ்ச நாள், இளையவன் வீட்டில் கொஞ்ச நாள் என்று பெட்டியும் கையுமாக இருந்துவிட்டு, கடைசியில் எங்கள் ஹால் சோபாவுக்கு வந்து சேர்ந்தார். மனைவி வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

"இந்த ஈடும் போச்சுன்னா தொட்டி வெளியே, அம்மா உள்ளே. சரிதானே?"

"பொழச்சிடுச்சுன்னா?"

"ரூம் உங்களுக்கே" என்றாள், அது நடக்கப்போவதில்லை என்கிற நிம்மதியோடு.

மாமியார் தினமும் காலையில் அறைக்குள் தலையை நீட்டி, "எல்லாம் நல்லா இருக்கா மாப்பிள்ளை?" என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்டிருப்பார். எனக்கென்னவோ வீட்டுக்காரர் வந்து எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்பது மாதிரி இருந்தது. "சூப்பரா இருக்கு அத்தை" என்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருநாள் காலையில் பார்த்தால், மிதக்கிற குஞ்சுகள் குறைந்திருந்தன. வட்டத் தொட்டியின் அடியில் கண்ணாடி மாதிரி என்னென்னவோ கிடந்தன. இறால் வளர வளர, பாம்பு மாதிரி சட்டை உரிக்கும். உரித்த சட்டை ஊறினால் தண்ணீர் கெட்டுவிடும். மெல்லிய குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். குழாயை எடுக்கப் போகும்போது போன் அடித்தது. நான் லிப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்று, உள்ளே இருந்தவர் என் கம்பெனியின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார். ஓடினேன்.

அவரை வெளியே எடுத்த பிறகும் மனசெல்லாம் தொட்டியில்தான் இருந்தது. மனைவி பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். வேறு வழியில்லாமல் மொட்டை மாடி மோட்டார் அறையிலிருந்து மாமியாரைக் கூப்பிட்டேன்.

"அத்தை, தொட்டி அடியில சட்டை கெடக்கு. அத எடுத்துடணும். இல்லன்னா நாறிடும்."

"நானும் பாத்தேன் மாப்பிள்ளை. எப்படிச் சொல்றதுன்னுதான் சும்மா இருந்தேன்."

"ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய இருக்கு. ஒண்ணு விடாம எடுத்துடுங்க. அங்கயே ஒரு ட்யூப்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க வேலையப் பாருங்க." லைன் போய்விட்டது. முதல் தடவையாக அவரை எனக்குப் பிடித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பால்கனி முழுக்க என் சட்டைகள். நாளைக்குப் போட வேண்டிய யூனிபார்ம் உட்பட, இருக்கிற அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கின. நடுநாயகமாக, சிந்துகிற உப்புத் தண்ணீரைத் துடைக்கத் தொட்டிக்குக் கீழே போட்டிருந்த பழைய சட்டை.

"அதுதான் ரொம்ப நாத்தம். மூணு அலசு அலசுனேன்" என்றார் மாமியார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. அவரை ஒன்றும் சொல்ல முடியாததால் செருப்பை உதைத்துக் கழற்றினேன். உள்ளே, மிதப்பது ஒன்றுகூட இல்லை. அடியில் சட்டைகள் அப்படியே கிடந்தன. தண்ணீர் கெட்டு ஈடு முழுவதும் முடிந்துவிட்டது, அறையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒப்புக்குக் குழாயை உள்ளே விட்டேன்.

ஒரு சட்டை நகர்ந்து வழிவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டைகளுக்கு மீசை இருந்தது. நூல் மாதிரி கால்களில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தன. முதுகில் கோடு லேசாகத் தெரிந்தது. மிதப்பதை விட்டுவிட்டு அடியில் இறங்கி நின்றால் குஞ்சுப் பருவம் முடிந்தது, இறால் ஆகிவிட்டது என்று அர்த்தம். படித்திருக்கிறேன். பார்க்கிற அளவுக்கு ஒரு ஈடும் உயிரோடு இருந்ததில்லை. மாமியார் நான் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், இந்நேரம் எல்லாம் சாக்கடையில் இருந்திருக்கும்.

சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். மனைவியும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"சொன்ன சொல் சொல்தான்" என்றாள் மனைவி. முகம் தொங்கிவிட்டது.

ஜெயித்தவன் நான். ஆனால் மாமியாரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. "தொட்டிய ஹாலுக்கு மாத்திடறேன் அத்தை. நீங்க இங்க வந்துடுங்க" என்றேன்.

அவர் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் மாப்பிள்ளை. இப்பதான் கால் ஊனியிருக்கு. தூக்கிட்டுப் போயி வேற எடத்துல வச்சா தாங்காது. எனக்குத் தெரியும்."

மனைவி போய் அம்மாவின் பெட்டியை எடுத்துவந்து எங்கள் படுக்கையறையில் வைத்தாள். நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சோபா என் உயரத்துக்கு முக்கால்வாசிதான் இருக்கிறது. இதில் அவர் இத்தனை நாள் எப்படிப் படுத்தார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.