மடித் தளிகையும் ஒரு கொலை வழக்கும்

மயிலாப்பூரில் கோயில் மணி, ஆட்டோ, கச்சேரி என்று எங்கே பார்த்தாலும் சத்தம். எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது கிடையாது. என் கணவர் ஸ்ரீனிவாசராகவன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பேச்சிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். "காபி?" என்றால் "ம்." "தளிகை ஆச்சு" என்று சாப்பிடக் கூப்பிட்டால் அதற்கும் "ம்." சண்டை போட்டாலாவது நாலு வார்த்தை வரும். அதற்கும் ஆள் சிக்கமாட்டார்.

போன மாதம் என் தங்கை பெண் ஹம்சினி வந்து, என் போனில் பாட்காஸ்ட் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "கதை மாதிரி பேசுவா பெரியம்மா. சும்மா கேட்டுண்டே இருங்கோ" என்றாள். யார் யாரோ பேசுவதை நான் ஏன் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் அடையாறு போகும் பஸ்ஸில் பொழுது போகாமல் காதில் மாட்டினேன். பழைய ஜமீன்தார் ஒருவருக்குப் பாலில் விஷம் வைத்துவிட்டார்களாம். ஒரு பெண், அடுத்த வீட்டு வம்பைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன், கோபமே வரவில்லை. கதைதான் ஓடிக்கொண்டிருந்ததே!

அதன்பிறகு துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது எல்லாம் ஜமீன்தார்தான். முன்பு எரிச்சலோடு செய்த வேலைகளை இப்போது தேடிப்பிடித்துச் செய்தேன். சுத்தமாக இருந்த அலமாரியைக் கூட மறுபடி துடைத்தேன்.

சமைக்கும்போதுதான் சிக்கல். குளித்து மடிப்புடவை கட்டிக்கொண்டால், பெருமாளுக்குத் தளிகையைப் படைத்து அமுது செய்யப் பண்ணும்வரை வெளிச் சாமான் எதையும் தொடமாட்டேன். போன் எல்லார் கையும் பட்டது. தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். முன்னாலேயே ஓடவிட்டு ஜன்னலில் வைத்துவிடுவேன். ஒரு பகுதி முடிந்ததும் அது பாட்டுக்கு நின்றுவிடும். கறிவேப்பிலைக் காம்பால் தட்டிப் பார்த்தேன், மசியவில்லை. வெள்ளரிக்காயால் தட்டினேன். ஓடியது! ஆனால் வெள்ளரிக்காய் பட்டால் நான் பட்ட மாதிரிதானே என்று மனசு குடைந்தது. காயை ஒதுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன்.

மறுநாள் வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். "ஏன்னா, இதைச் சித்த தட்டிட்டுப் போங்கோளேன்."

பேப்பரும் கையுமாக வந்து தட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அப்புறம் தட்டிவிட்டு வாசற்படியிலேயே நிற்க ஆரம்பித்தார். ஒரு நாள் பார்த்தால், நாற்காலியோடு வருகிறார்.

"சமையக்காரன்தான் விஷம் வெச்சிருக்கான்" என்றார் திடீரென்று.

என் கையிலிருந்த கரண்டி நழுவியது. இந்த மனுஷர் தானாக வாயைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று!

"அவன் ஏன் வெக்கணும்? ஜமீன்தாரோட மாட்டுப்பொண்ணைக் கவனிங்கோ. எல்லாத்துக்கும் சிரிக்கறா."

"சிரிச்சா கொலைகாரியா?"

"பின்னே? அந்த மாமியாரோட இருந்துண்டு யாராவது சிரிப்பாளா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பிலிருந்த சாத்தமுது, ரசம்தான், பொங்கி வழிந்தது.

கடைசிப் பகுதி வந்த அன்று பெசன்ட் நகரில் ஒரு நிச்சயதார்த்தம். அவருக்கு முழங்கால் வலி, நான் மட்டும் போனேன். பாதி வழியில்தான் போனை வீட்டிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. போச்சு, கேட்டு முடித்திருப்பார். கொலைகாரன் யார் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். கதை முடிந்தால் மனுஷர் பழையபடி பேப்பருக்குள் போய்விடுவாரே! மறுபடி அந்த "ம்"முக்கே திரும்ப வேண்டுமா? பந்தியில் எதுவும் இறங்கவில்லை. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஆட்டோ பிடித்தேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போன் மேஜைமேல் கிடந்தது.

"கேட்டாச்சா?" என்றேன் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"இல்லை."

"ஏன்? தட்டத் தெரியாதா உங்களுக்கு?"

பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "நீ இல்லாம, சமையக்காரன்தான்னு நான் யார்கிட்டச் சொல்றது?"

தாம்பூலப் பையை மேஜைமேல் வைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்கால வேளை, மடியும் இல்லை ஒன்றும் இல்லை. போன் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தட்டுங்கோ" என்றேன்.