சைக்கிள் டியூப் துண்டு

“டியூபைக் கட்டினது நான்தான்னு எழுதுங்க சார்.”

சோதனைப் பிரிவு மேனேஜர் ஜெகதீஷ் நிமிரவில்லை. இதை மட்டும் கேட்காதே என்று மூன்று நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“மொதல்ல கதவைச் சாத்து.”

நான் சாத்தவில்லை. வெளியே கொஞ்சம் தள்ளி, பேச்சு காதில் விழாத பெஞ்சில் கெம்பம்மா இருந்தாள். எங்கள் ஆபரேட்டர் மாதேஷின் மனைவி. அவனுக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

மூக்கண்டப்பள்ளிக் கம்பெனியில் நாங்கள் செய்வது சிப்பர். மரக்கிளையை விழுங்கித் தூளாகத் துப்பும் இயந்திரம். டயர் கிடையாது, புல்டோசர் மாதிரி பட்டையில் ஊரும். நாட்றாம்பாளையம் கரட்டில் சோதித்தோம். பாறை, பள்ளம், சேறு, எல்லாவற்றிலும் ஏறியது. கிளையை ஊட்டும்போதுதான் சனியன். அதன் வாயருகே ஒரு சிவப்புக் கம்பி உண்டு. ஆள் உள்ளே இழுபட்டால் உடம்பு அதில் இடிக்கும், கிளையை இழுக்கும் உருளை நின்றுவிடும். கரட்டில் வண்டி குலுங்கிய குலுக்கலில் கம்பி தானே ஆடி ஆடி நிறுத்தியது. ஒரு மணி நேரத்தில் பதினேழு தடவை.

“பதினேழா? வாங்க வர்றவன் சிரிப்பான்” என்றார் ஜெகதீஷ்.

நான் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கம்பியை இழுத்துக் கட்டினேன். யாரும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஆசை. அடுத்த மணி நேரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. “சபாஷ்” என்றார்.

“இது எதுக்கு மேடம்?” என்று மாதேஷ் கேட்டான்.

“அடிக்கடி நிக்காம இருக்கண்ணா. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க.”

ஓட்டினான். ஒரு கிளையின் கவட்டை அவன் சட்டைக் கையைக் கொக்கி போட்டு இழுத்தது. இடுப்பால் கம்பியை இடித்தான். மூன்று தடவை இடித்தான், பார்த்தேன். டியூப் விடவில்லை. நல்ல டியூப்.

‘ஆபரேட்டர் தன்னிச்சையாகக் கட்டியது’ என்று டைப் செய்த தாளை ஜெகதீஷ் இப்போது என் பக்கம் தள்ளினார். கீழே சாட்சி என்று என் பெயர்.

“உன் பேர் வந்தா கம்பெனி பேர் வரும். அவன் பேர்னா அவனோட போச்சு. கையே போனவனுக்குப் பேர் போனா என்ன?”

“அவர் கட்டல சார்.”

“உங்க வம்சத்துலயே மொத டிகிரி நீ. அதை ஜெயில்ல மாட்டி வெக்கப் போறியா? உங்கப்பன் சாமல்பட்டியில இன்னும் ஊரான் மாட்டுக்குத்தான தண்ணி காட்டறான்?”

“அந்த மாட்டுக்காரரு எங்கப்பாகிட்டப் பொய்க் கையெழுத்து கேட்டதில்ல.”

சிரித்தார். கதவு வழியாக உரக்கக் குரல் கொடுத்தார். “ஏம்மா, உம்புருசன் எதுக்கு அதைக் கட்டினான்?”

கெம்பம்மா எழுந்து நின்றாள். “புத்தி கெட்டுப்போச்சு சாமி. ஆஸ்பத்திரியில வெச்சே ரெண்டு அறை விட்டேன். நான் கட்டலடி, கட்டலடின்னு அழுவறான்.”

“பாத்தியா? பொண்டாட்டியே ஒத்துக்கிட்டா.”

அடையாள அட்டையைக் கழற்றி அந்தத் தாளின்மேல் வைத்தேன். சோதனை நோட்டு காலையிலேயே என் பைக்குள் போயிருந்தது. அதில் பதினேழுக்குக் கீழே என் கையெழுத்தில்: ‘டியூப் கட்டினேன். இப்போது 0.’

“போலீஸுக்குப் போனா மொத வெலங்கு உனக்குத்தான்.”

“தெரியும். அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் கெளம்பினேன்.”

பெஞ்சருகே வந்தேன். “ஸ்டேஷனுக்குப் போலாம் வாங்கக்கா. உங்க வீட்டுக்காரர் கட்டல. நான் கட்டினேன்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அறைந்தாள். நான் நடந்தேன். கேட் வரைக்கும் அடித்துக்கொண்டே கூட வந்தாள்.