வலது பக்கத் துணி

அல்வாலில் புஷ்பா குடியிருக்கும் தெருவுக்கு வரும் குப்பை வண்டிக்காரனுக்கு அவள் வீட்டிலிருந்து இதுவரை உருப்படியாக ஒன்றும் கிடைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு மறுபிறவி உண்டு. கஞ்சத்தனம் என்று சொன்னால் கோபம் வரும்; கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல வேண்டும்.

கனடாவில் இருக்கும் மகள் அஸ்வினிக்கு இது ஏழாம் மாதம். நடுவில் உதிரப்போக்கு கண்டதால், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தபடியே போனில் கேட்டாள்.

"பாப்பாவுக்குக் கடையில எதுவும் வாங்காதம்மா. நம்ம வீட்டுத் துணியில ஒட்டுப் போர்வை ஒண்ணு தைச்சு அனுப்பு. அப்பா துணியும் அதுல இருக்கணும்."

அப்பா துணிக்குக் குறைச்சல் இல்லை. அதுதான் கஷ்டமே. சர்க்கரைப் புண் முற்றி, ஜெயச்சந்திரனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டெய்லர் அப்துல் ரஹீம் அவருடைய ஆறு பேன்ட்டிலும் வலது பக்கத்தை வெட்டிச் சுருக்கித் தைத்தார். வெட்டிய துணியை ஒரு பையில் போட்டு, புஷ்பாவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அஸ்வினிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் பதறுவாள், பதறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிரசவம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். வீடியோவில் பேசும்போது அவர் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால்தான் உட்காருவார்.

ஒட்டுப் போர்வை தைப்பதற்கென்று யூட்யூபில் ஒரு வெள்ளைக்காரி கடை பரப்பியிருந்தாள். அதற்கென்று கத்தி, அதற்கென்று சாக்பீஸ், அதற்கென்று கிளிப். புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கோடு போடத் தேய்ந்த சோப்புத் துண்டு போதும். சேர்த்துப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப் இருக்கிறது. நடுவில் வைக்க நைந்த கம்பளி, பிள்ளை மேல் படுகிற பக்கத்துக்குப் பழைய நூல் சேலை. தையல் நேராகப் போக, கட்டுப் போட வாங்கி மிஞ்சிய ஆஸ்பத்திரி டேப்பை ஒட்டிக்கொண்டாள். ஊசி வழுக்காமல் இருக்க, புண் துடைக்க வைத்திருந்த ரப்பர் கையுறையில் ஒரு விரலை வெட்டி மாட்டிக்கொண்டாள்.

சதுரம் வெட்ட அளவுத் தகடுதான் இல்லை. பீரோ மேல் எக்ஸ்ரே இருந்தது. அதை அவள் வெட்டுவதை ஜெயச்சந்திரன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காலே போயிடுச்சு, போட்டோ எதுக்கு. நல்லா வெட்டு," என்று சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

அவர் போட்டுக்கொள்ளும் பேன்ட்டை வெட்ட முடியாது. பையில் கிடக்கிற துணியோ வீணாகப் போகிறது. ஆறையும் ஓரத்தில் வரிசையாக வைத்துத் தைத்தாள். கீழ் மடிப்பைப் பிரிக்கவில்லை. ஓரம் அடிக்கிற வேலை மிச்சம். தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

மருமகனோடு வேலை பார்க்கும் சந்தீப், லீவு முடிந்து திரும்பும்போது போர்வையைக் கொண்டுபோனான். அடுத்த ஞாயிறு அஸ்வினி அதை வயிற்றின் மேல் விரித்துக்கொண்டு பேசினாள்.

"சூப்பரா இருக்கும்மா. இது அப்பாவோட ஃபேக்டரி காக்கி. அட, இது என் கல்யாணத்துக்குத் தைச்சதுல்ல?"

"ஆமாடி," என்றாள் புஷ்பா பெருமையாக.

அஸ்வினியின் விரல் ஓரத்து மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனது. பிறகு நின்றது.

"கல்யாண பேன்ட்டை ஏம்மா வெட்டினே? அப்பா ஒரு தடவைதானே போட்டாரு."

"இடுப்பு பத்தலை."

"ஆறுமா பத்தலை?"

புஷ்பா தலையாட்டினாள்.

"ஒவ்வொரு பேன்ட்டுக்கும் கீழ் மடிப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அப்பா பேன்ட்டு கிழிஞ்சா ரெண்டு பக்கமும் வெட்டி, பாக்கெட்டைக் கூட விடாம பை தைப்பியே. ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிட்டு மத்ததைச் சும்மா விடுற ஆளாம்மா நீ?"

உலகத்தில் எந்தச் சாமானுக்கும் பதில் சாமான் கண்டுபிடிக்கிறவளுக்கு, அந்த நேரம் ஒரு பொய் கிடைக்கவில்லை. இந்தத் துணியையும் குப்பையில் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"துணிதானேம்மா, அதை விடு," என்றார் ஜெயச்சந்திரன். "மாத்திரை போட்டியா?"



"அப்பா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கப்பா."

அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். சிரிக்கப் பார்த்தார்.

"நில்லுங்கப்பா."

போர்வைக்கு அடியில் அஸ்வினியின் கை வயிற்றை இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. புஷ்பா தன்னையறியாமல் போனை நோக்கிக் கையை நீட்டினாள். விரலில் கண்ணாடிதான் பட்டது.